ஜோன் தோம்சனும் இரண்டு மதராஸ்காரர்களும்

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் செபராங் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாயம் பூச ஏற்பாடு நடந்தது. அலமாரிகளை ஒழித்தபோது மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கியது. அதனுள் பூசணம் பிடித்த தோலுறையில் தாத்தாவின் கேமராவும், அடியில் ஒரு கட்டுப் புகைப்படங்களும் இருந்தன. கேமரா யாஷிகா எலெக்ட்ரோ 35. ஜப்பானில் 1966ஆம் ஆண்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்த இனம். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்த தாத்தா, அதை வேறொருவர் பயன்படுத்திய நிலையில்தான் வாங்கினாராம். அதற்கே மூன்று மாதம் சீட்டுப் பணம் போனது என்று பாட்டி இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்.

பழைய கேமராவைக் கையில் எடுப்பது எளிது. அதைப் பேச வைப்பது எளிதன்று. இந்த இனத்துக்கு வேண்டிய 5.6 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது உற்பத்தியில் இல்லை. இன்றைய மின்கலம் ஒன்றை ஒரு சிறு குழாய்க்குள் வைத்துப் பொருத்தித்தான் அதை ஏமாற்ற வேண்டும். பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு, தார் போலக் கரைந்து விரலில் ஒட்டியது. வில்லையின் உள்ளே சிலந்தி வலை போலப் பூசணம். நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய கேமரா சேகரிப்போர் அனைவரும் அறிந்த நோய் அது. ஒருவழியாகச் சரிசெய்து 36 படங்கள் கொண்ட ஒரு சுருளைப் போட்டேன். படகுத்துறை, பாட்டி, பிறை ஆற்றங்கரை என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். கழுவிய கடையில் வெறும் சுருளைக் கையில் கொடுத்தார்கள். பிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. 36 முறையும் நான் வெற்றுக் கதவைத்தான் திறந்து மூடியிருக்கிறேன். தவறு என்னுடையதே.

அந்த ஏமாற்றத்தோடு, சுருளும் மின்கலமும் இல்லாத காலத்தில் நம் பினாங்கில் எப்படித்தான் படம் எடுத்தார்கள் என்று நூலகத்தில் தேடப் போனபோது சந்தித்தவர்தான் ஜோன் தோம்சன். புகைப்பட வரலாறு எழுதுவோர் அவரைத் தாண்டிப் போவதில்லை. ஆசியாவின் மக்களையும் ஊர்களையும் மேலைநாட்டாருக்கு முதன்முதலில் விரிவாகக் காட்டியவர்களுள் ஒருவர். அங்கோர் வாட் கோயிலையும், சீயத்து மன்னரையும், சீனத்தின் உள்நாட்டு ஆறுகளையும், லண்டன் தெருக்களின் ஏழைகளையும் படம் பிடித்தவர் என்று நூல்கள் அவரைப் புகழ்கின்றன. நம் செபராங் பிறையும் அந்தப் பட்டியலில் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது அவருக்குக் கைகொடுத்தவர்கள் யார் என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

ஜோன் தோம்சன் 1837ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஸ்கோட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை புகையிலைத் தொழில் செய்து சில்லறை வணிகமும் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை தோம்சன். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. பதின்ம வயதிலேயே மூக்குக்கண்ணாடி, தொலைநோக்கி, அறிவியல் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். வில்லை தேய்ப்பதும் பித்தளைக் குழாய் இழைப்பதும் பகல் வேலை. இரவில் வாட் கல்விக்கழகத்தில் வகுப்பு. 1857இல் இயற்பியலிலும், மறு ஆண்டில் வேதியியலிலும் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றார். அந்தக் காலத்தில் புகைப்படம் எடுக்க வேண்டுமானால் ஒருவர் பாதி தச்சராகவும் பாதி வேதியியலாளராகவும் இருக்க வேண்டும். தோம்சன் இரண்டுமாகவே வளர்ந்தார்.

1862ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் கப்பலேறினார். மூத்த சகோதரர் வில்லியம் அதற்கு முன்பே சிங்கப்பூருக்கு வந்து கடிகாரத் தொழிலும் புகைப்படத் தொழிலும் செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து கப்பல்களுக்கு வேண்டிய காலக்கருவிகளும் நோக்குக் கருவிகளும் செய்து விற்றனர், படக்கூடமும் நடத்தினர். தம்பிக்கு வயது 25கூட ஆகவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிற வணிகர்களை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுப்பதில் அவர் மனம் நிற்கவில்லை போலும். விரைவிலேயே மலாக்கா நீரிணை வழியே வடக்கே வந்தார். பினாங்குத் தீவிலும், எதிர்க்கரையிலிருந்த வெல்லெஸ்லி மாகாணத்திலுமாகப் பத்து மாதம் தங்கினார்.

வெல்லெஸ்லி மாகாணம் என்பது வேறெதுவும் இல்லை. நம் செபராங் பிறைதான். கெடா சுல்தானிடமிருந்து 1800ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற நிலம். அன்றைய இந்தியத் தலைமை ஆளுநரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தோம்சன் வந்தபோது இங்கு ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. மாகாணத்தின் தென்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, தென்னையும் இருந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்களுள் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் ஏராளம். நம் தோட்ட வரலாறு ரப்பரில் தொடங்கியது என்று பள்ளியில் படித்த எனக்கு, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே மண்ணில் கரும்பில் தொடங்கிவிட்டது என்பது புதுச் செய்தியாக இருந்தது.

இப்போது அவருடைய கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோம்சனிடம் பிலிம் கிடையாது. சுருள் பிலிம் பரவ இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. பிரடெரிக் ஸ்கோட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851இல் அறிவித்த ஈரத்தகடு முறையில்தான் அவர் வேலை செய்தார். முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துளி அழுக்கில்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துச் செய்த கொலோடியன் என்னும் பசையை, அயோடைடு உப்புக் கலந்து, அந்தத் தகட்டின் மேல் ஊற்றி நான்கு மூலைக்கும் ஓட விட வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட அதைக் கேமராவுக்குள் செருகி, மூடியைத் திறந்து, விநாடிகளை எண்ணி, மூடி, மீண்டும் இருட்டறைக்கு ஓடி, உருத்துலக்கும் கரைசலை ஊற்றி, நிலைப்படுத்தி, கழுவி, உலர்த்தி, மேலே வார்னிஷ் பூச வேண்டும். இவற்றில் உருத்துலக்குவது வரையிலான அத்தனையும் தகடு காய்வதற்குள் நடக்க வேண்டும். குளிர்நாட்டிலேயே அதற்குப் பத்து நிமிடம்தான் என்பார்கள். ஈதர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும் நம் ஊர் வெயிலில் எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும்!

கண்ணாடியின் அளவுதான் படத்தின் அளவு. பெரிதாக்கும் வழி கைக்கெட்டியதாக இல்லை. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடி, பெரிய மரப்பெட்டி, பெரிய முக்காலி. வெளியூர் போனால் இருட்டறைக்கு ஒரு கூடாரம், மருந்துப் புட்டிகள், நல்ல தண்ணீர், கண்ணாடிப் பெட்டிகள். ஒரு படகுச் சுமை அது.

படம் கண்ணாடியில் விழுந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, உலர்த்தி, நெகடிவ் கண்ணாடியோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைக்க வேண்டும். நிறம் ஏறுவதை அவ்வப்போது திறந்து பார்த்து, சரியான கணத்தில் உள்ளே எடுத்து, தங்க உப்புக் கரைசலில் சாயலேற்றி, நிலைப்படுத்தி, நெடுநேரம் கழுவ வேண்டும். ஒரு தாளுக்கு இத்தனை வேலை. மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். மழை வந்தால் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த அச்சு வேலை ஒருவரால் ஆகக்கூடியதன்று.

எனவே தோம்சன் ஆள் தேடினார். பினாங்கில் சீனர்களை அழைத்துப் பார்த்தார். அன்று அவர்கள் வர மறுத்தார்கள். மனிதக் கை தொடாமல் ஒருவரின் உருவத்தை எழுப்பும் வேலை பேய்த் தொழில் என்று அவர்கள் அஞ்சியதாகத் தோம்சன் 1875இல் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு மதராஸிலிருந்து வந்திருந்த இரண்டு பேரைச் சேர்த்து, தாமே பயிற்சி கொடுத்து, அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டார். அவர்களைக் குறிக்க அவர் எழுதிய சொல், அன்று நீரிணைக் குடியேற்றங்களில் நம்மவரை அழைக்க வழங்கியது. இன்று நாம் வசையாகவே கொள்ளும் சொல். ஜோர்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய பொருளோடு நிற்கிறது. பெயர்கள்? அவற்றை அவர் எழுதவில்லை.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மதராஸ்காரர்கள் என்றால் பெரும்பாலும் தமிழர்களாகவே இருந்திருப்பார்கள். 1867 வரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இலேயே எழுந்துவிட்டது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கும் முன்பிருந்தே இங்கு வேரூன்றியிருந்தார்கள். கரும்புத் தோட்டத்துக் கூலி, துறைமுகத்துச் சுமை, மாட்டு வண்டி, படகு, சலவை என்று நம்மவர் செய்த தொழில்களை வரலாற்று நூல்கள் அடுக்குகின்றன. அந்த வரிசையில் ஒளியையும் வெள்ளியையும் கையாண்ட இருவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர்களின் கைகளை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளி நைட்ரேட்டு பட்ட தோல் கறுத்துப்போகும். எத்தனை கழுவினாலும் நாள்கணக்கில் போகாது. ஆகவே ஈரத்தகட்டுக் காலத்துப் புகைப்படக்காரரை விரல் நுனியைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். அந்தக் கறையைப் போக்கவும், படத்தை நிலைப்படுத்தவும் அன்று பலர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. கொடிய விஷம்! விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தாலே ஆபத்து. ஈதர் ஆவி நிறைந்த, காற்றில்லாத இருட்டறை, பக்கத்தில் விளக்கு. நெருப்புப் பிடித்தால் ஓட வழியில்லை. பிறர் பேய்த் தொழில் என்று அஞ்சி ஒதுங்கியதை இவர்கள் துணிந்து செய்தார்களா, அல்லது கூலி வேறெங்கும் கிடைக்காமல் செய்தார்களா? இரண்டும் கலந்தே இருக்கும் என்பது என் கருத்து. எதுவாயினும், தாள் எந்தக் கணத்தில் போதுமான நிறம் ஏறியது என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அதைக் கற்றவர்கள் வெறும் சுமைதூக்கிகள் அல்லர். தொழிலாளிகள், கைவினைஞர்கள் என்றே சொல்வேன்.

தோம்சனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகளில் உதவியாளர் இருந்தார்கள் என்பதையே மறைத்து, எல்லாம் தம் கைத்திறன் என்று எழுதியவர்கள் உண்டு. இவர் அந்த அளவுக்கு நேர்மையானவர். பத்து மாதத்தில் படத்தொழில் வருமானமும் தந்தது, ஊர் சுற்றும் ஆசையையும் தீர்த்தது. தீவின் காட்சிகள், எதிர்க்கரைத் தோட்டங்கள், இங்கு வாழ்ந்த பல இனத்தவர் என்று அவருடைய பெட்டி நிறைந்தது. தெருவில் போகிறவரையும் படத்துக்குரியவராகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இந்த நீரிணைக் கரையில்தான் ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை இனமும் உடையும் ஒரே கடைத்தெருவில் நடமாடிய ஊர் எடின்பரோவில் ஏது?

பினாங்குக்குப் பிறகு அவருடைய வாழ்க்கை வேகம் பிடிக்கிறது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியபோது இந்தியா சென்று அந்த அழிவைப் படமாக்கினார், இலங்கையையும் பார்த்தார். 1865இல் சிங்கப்பூர்க் கடையை விற்றுவிட்டு பேங்காக் போனார். அங்கு மன்னர் மோங்குட், அதாவது நான்காம் ராமா, அவருக்கு முன் படத்துக்கு நின்றார். அந்தக் கதை சுவையானது. மன்னர் முதலில் வெள்ளாடை உடுத்தி வழிபாட்டுக் கோலத்தில் வந்தார். எல்லாம் தயார், தகடு ஈரமாக இருக்கிறது. திடீரென்று மனம் மாறி உள்ளே போய்விட்டார்! பிறகு பிரெஞ்சுப் படைத்தளபதியைப் போன்ற உடையில் திரும்பி வந்தார். மன்னரைத் தொடுவது அங்கே பெருங்குற்றம். ஆனால் கையையும் காலையும் சரியாக வைக்காமல் படம் எடுக்க முடியாதே. தோம்சன் பக்குவமாகப் பேசி அனுமதி பெற்று, தாமே மன்னரின் நிலையைத் திருத்தி எடுத்தார்.

1866 தொடக்கத்தில், பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த கென்னடி என்பவரோடு கம்போடியக் காட்டுக்குள் புறப்பட்டார். படகு, மாட்டு வண்டி, யானை என்று மாறி மாறிப் பயணம். வழியில் காட்டுக்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தானது. இருந்தும் அங்கோரை அடைந்து, கோயிலை அளந்து, படங்கள் எடுத்தார். அங்கோரின் மிகப் பழைய புகைப்படங்கள் அவைதாம். பாற்கடல் கடைந்த கதையும் இராமாயணப் போரும் செதுக்கிய அந்தச் சுவர்களை மரவேர்களுக்கிடையே ஒரு மரப்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. மறு ஆண்டு எடின்பரோவில் அவை நூலாக வெளிவந்தன. அரச புவியியல் கழகமும் 1866இல் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1868இல் ஹாங்காங்கில் படக்கூடம் அமைத்தார். அவ்வாண்டு நவம்பரில் இசபெல் பெட்ரி என்ற பெண்மணியை அங்கேயே மணந்தார். ஆனால் குடும்பம் அவரைக் கட்டிப்போடவில்லை. மனைவி தாயகம் திரும்ப, தோம்சன் 1870 முதல் 1872 வரை சீனத்தின் ஆறுகளிலும் நகரங்களிலும், தைவான் தீவின் மலைகளிலும் சுற்றினார். ஏறத்தாழ 5,000 மைல் பயணம் அது. சில ஊர்களில் மக்கள் கல்லெறிந்தார்கள். படம் எடுக்கப்பட்டவர் விரைவில் இறந்துவிடுவார் என்றும், அந்தக் கருவி மலையையும் பாறையையும் ஊடுருவிப் பார்க்கும் என்றும் அச்சம் பரவியிருந்தது. அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று நாம் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் வெள்ளைக்காரர் அளவெடுத்து, வரைபடம் வரைந்து, படம் பிடித்துக்கொண்டு போன இடங்களுக்குப் பின்னாலேயே போர்க்கப்பலும் வந்ததை அந்த மக்கள் கண்டிருந்தார்கள். அவர்கள் பயந்ததில் ஒரு கணக்கு இருந்தது. 200 படங்களோடு நான்கு தொகுதிகளாக 1873, 1874ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய சீன நூலில் இளவரசரும் உண்டு, பிச்சைக்காரரும் உண்டு, தெருவோர நாவிதரும் உண்டு. பெரிய மனிதரைப் போலவே சிறிய மனிதரையும் நிதானமாக, முகம் தெரிய எடுத்திருப்பார். அந்த நிதானம்தான் அவருடைய கையெழுத்து.

அதே கண்ணோடு லண்டன் திரும்பினார். அடோல்ப் சுமித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து, 1877இல் லண்டன் தெரு வாழ்க்கையைப் பற்றி மாதந்தோறும் பகுதிகளாக வெளியிட்டார். பூ விற்போர், வண்டிக்காரர், கருவி பழுதுபார்ப்போர், நாடோடிகள். அதில் ஒரு படம் இன்றும் உலகப் புகழ்பெற்றது. ஏழையர் விடுதியின் படிக்கட்டில் ஒரு மூதாட்டி தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கைக்குழந்தை. குழந்தை அவருடையதன்று. அதன் தாய் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குப் போயிருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி, ஒரு கோப்பைத் தேநீரும் கொஞ்சம் ரொட்டியும். தையற்காரர் ஒருவரின் விதவை அவர். அவருடைய கதை முழுவதும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. பினாங்கு இருவருக்குக் கதையும் இல்லை, முகமும் இல்லை. அந்த மூதாட்டிக்கு அவ்விரண்டுமாவது கிடைத்தது.

பின்னாள் வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடலாம். 1878இல் சைப்ரஸ் தீவுக்குப் போய் வந்தார். 1881இல் விக்டோரியா அரசியாரின் அரச முத்திரை பெற்ற புகைப்படக்காரரானார். லண்டனில் செல்வந்தர்களை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்தே பிள்ளைகளை வளர்த்தார். இளமையில் எந்த வேலையை விட்டு ஓடி வந்தாரோ அதே வேலை! எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் 1886 முதல் அரச புவியியல் கழகத்தில், பயணம் புறப்படுவோருக்குப் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார். இசபெல்லா பேர்ட் என்ற புகழ்பெற்ற பெண் பயணி அவரிடம் பாடம் கேட்டவர். அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. காயவைத்த தகடுகள் வந்துவிட்டன. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் சுருள் பிலிம் போட்ட கொடாக் பெட்டியை விற்பனைக்கு விட்டார். கொலோடியன் ஊற்றத் தெரியாதவரும் படம் எடுக்கலாம் என்றானது. இருட்டறைக் கூடாரமும் அதைச் சுமந்தவர்களும் தேவைப்படாமல் போனார்கள். என் தாத்தாவின் கைக்குக் கேமரா வந்ததும் அந்த மாற்றத்தால்தான்.

1910இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். முதுமையில் அவருக்கிருந்த பெருங்கவலை அந்தக் கண்ணாடிகளைப் பற்றியது. கீழே விழுந்தால் நொறுங்கும். ஈரம் பட்டால் உரியும். தம் காலத்துக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள்? மருந்துத் தொழிலதிபரும் அரும்பொருள் சேகரிப்பாளருமான ஹென்றி வெல்கமுக்கு அவற்றை வாங்கிக்கொள்ளும்படி எழுதினார். பேச்சு முடிவதற்குள் 1921இல், 84ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். வெல்கம் சொன்னபடி வாங்கினார். 600க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்கள் இன்றும் லண்டனில் அவர் பெயரிலான சேகரிப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவை சீனப் படங்கள். பெட்டிகளின் மேல் தோம்சனே ஊர்ப்பெயர்களை எழுதி வைத்திருந்தார்.

அவரைப் படித்து முடித்த பிறகு பிஸ்கட் டின்னின் அடியில் இருந்த கட்டை மீண்டும் எடுத்தேன். அதுவரை கேமராவைத்தான் பார்த்தேனே தவிரப் படங்களைச் சரியாகப் பார்த்ததில்லை. தோட்டத்து லயம், திருவிழாக் காவடி, பால் வாளியோடு பெண்கள், யாருடைய கல்யாணமோ. மொத்தம் 41 படங்கள். ஒன்றில்கூடத் தாத்தா இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அவர். ஒன்றின் பின்புறத்திலும் ஒரு பெயர்கூட எழுதியிருக்கவில்லை. அந்தத் தோட்டமே இப்போது வீடமைப்புப் பகுதி. அங்கிருந்தவர்கள் சுங்கை பக்காப், பட்டர்வொர்த், பிறை என்று சிதறிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் பாட்டியை வரவேற்பறை விளக்கின் கீழ் உட்கார வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதிக்கொண்டு வருகிறேன். பாட்டிக்கு வயது 79. ஒரு கண்ணில் புரை. சில படங்களுக்கு உடனே பெயர் வரும். சிலவற்றுக்கு மூன்று தலைமுறைக் கதை வந்து பெயர் வராது. இதுவரை 26 படங்கள் முடிந்திருக்கின்றன. நடுவில் அலுப்புத் தட்டினால் யாஷிகாவைத் தூக்கிப் பாட்டியையே எடுத்துவிடுவேன். இப்போதெல்லாம் கதவை மூடும் முன் பிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறேன்.

போன வாரம் எடுத்த படத்தில் இரண்டு இளைஞர்கள். ஆலை வாசலில், ஆளுக்கொரு பக்கமாக ஒரு பெரிய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார். அவர் தாத்தாவின் கூட்டாளி, பெயர் மாணிக்கம் என்று பாட்டி உடனே சொல்லிவிட்டார். மற்றவரை நெடுநேரம் பார்த்தார். முகம் நன்றாகத் தெரிகிறது, எங்கள் லயத்துக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார், அவர் தாயார் நன்றாக ரசம் வைப்பார் என்றெல்லாம் சொன்னார். பெயர் வரவில்லை. தீபாவளிக்குச் சுங்கை பக்காப் பெரியம்மா வருவார். அவரிடம் கேட்கலாம் என்று அந்தப் படத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.